முதுகில் எழுதிய குர்ரே

மெத்தைக் கம்பெனியில் ஓட்டம் நடத்துவது என்று முடிவான அன்று, அந்தக் கம்பெனியில் ஓடிப் பழக்கமுள்ளவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். முடிவு செய்தவரும் அவர்தான்.

பெரிய முதலாளி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பிறகு சின்ன முதலாளி பொறுப்புக்கு வந்திருந்தார். ஒல்லியான மனிதர். விடிகாலையில் எழுந்து ஓடுகிறவர், காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிறவர். விற்பனை சரிந்ததற்கும், ஆட்கள் அடிக்கடி லீவு போடுவதற்கும், கேன்டீன் பெஞ்சு உடைந்ததற்கும் ஒரே காரணம்தான் என்று அவருக்குப் பட்டது. இங்கே எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். உட்காராமல் மெத்தை தைக்க முடியாது என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் அப்போது உட்கார்ந்திருந்தார்கள்.

ஓடுகிற எல்லோருக்கும் கம்பெனி செலவில் ஒரு பனியன் சட்டை, அதன் முதுகில் பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை என்றார். "ஓடு" என்று பொருள்படும் வார்த்தை, அதுவும் லத்தீனில் இருக்க வேண்டும். எதற்கு லத்தீன் என்று தையல் பிரிவு மேஸ்திரி கேட்டுவிட்டார். தெரிந்த பாஷையில் போட்டால் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் சொல்வார்கள், தெரியாத பாஷையில் போட்டால் மரியாதையாக இருக்கும் என்று சின்ன முதலாளி பதில் சொன்னார். அதில் நியாயம் இருப்பதாகவே அன்றைக்கு எல்லோருக்கும் தோன்றியது.

ஸ்டோர் அக்கா அந்தக் கூட்டத்தில் கதவோரம் நின்றிருந்தாள். நூல் கண்டு, ஜிப்பு, ஊசி, ஃபோம் தகடு, லேபிள் என்று கம்பெனிக்குள் வருகிற எதுவும் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். சட்டையும் அவள் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வார்த்தையும் சேர்ந்து விழும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நம்ம ஸ்டோர் அக்காவோட அண்ணன் லத்தீன் வாத்தியார்தானே?" என்று யாரோ சொன்னார்கள். வேலியில் போன ஓணான் மடிக்குள் வந்து உட்கார்ந்தது.

அண்ணன் லத்தீன் வாத்தியார்தான், அதில் பொய்யில்லை. அண்ணனும் அவளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்; கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் அவள். அவள் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார், வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அண்ணன் இருந்தும் அவள் கூப்பிடுவதில்லை. அவள் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அன்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவே உட்கார்ந்து எழுதியது. எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். அண்ணன் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சுற்றமும் நட்பும் சூழ" என்று இருக்க வேண்டிய இடத்தில் "சூல" என்று அச்சாகியிருந்தது. அதை அவர் சபையில் சொன்னார். சொன்னதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். சூல் என்றால் கர்ப்பம், ஆகவே இப்போது உள்ளபடிக்கு இந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்பதையும் அவர் நிதானமாக விளக்கினார். கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் சம்பந்தி அதற்குப் பிறகு இந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

அன்றிலிருந்து அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை எல்லாம் அண்ணி வழியாகத்தான். தண்ணீர் மோட்டார், மின்சார மீட்டர், கேஸ் சிலிண்டர், எதுவானாலும் அண்ணி மாடிப்படியின் நடுவில் நிற்பாள். மேலே இருந்து ஒருத்தி காற்றைப் பார்த்துச் சொல்வாள், கீழே ஒருவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். இரண்டு பக்கமும் காதில் விழுந்தாலும், அண்ணி திருப்பிச் சொல்லாதவரைக்கும் விழாத கணக்குத்தான்.

அன்று சாயங்காலம் ஸ்டோர் அக்கா மாடிப்படி உச்சியில் நின்றாள்.

"அண்ணி, 'ஓடு'ங்கிறதுக்கு லத்தீன்ல என்னன்னு கம்பெனில கேக்கறாங்க. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லட்டும்."

அண்ணி திரும்பி அதை அப்படியே ஒப்பித்தாள். கீழே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் லத்தீன் வகுப்பையே நிறுத்திவிட்டு அந்த அறையில் கம்ப்யூட்டர்களை வைத்த பிறகு, அண்ணனிடம் லத்தீன் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அது யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரிய வேண்டும், ஒருத்தனைப் பார்த்துச் சொன்னால் குர்ரே, பல பேரைப் பார்த்துச் சொன்னால் என்று அவர் அடுத்த வார்த்தைக்குப் போனபோது குக்கர் விசிலடித்தது. அண்ணி அடுப்பை அணைக்க ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் மிஞ்சியிருந்தது முதல் வார்த்தை மட்டும்தான். அதை எழுத்து எழுத்தாக மேலே அனுப்பினாள். கீழே அண்ணன் முழுவதையும் சொல்லிவிட்ட திருப்தியில் நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

சட்டைகள் வந்தன. மஞ்சள் நிறம், முதுகில் தோளிலிருந்து தோள்வரை கறுப்பு ரோமன் எழுத்தில் குர்ரே. ஸ்டோர் ஜன்னலில் வைத்து அக்கா ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வாங்கியவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கொர்ரே, குர்ரு, கொர்ர் என்று பல விதமாக வந்தது. மெத்தைக் கம்பெனி ஆயிற்றே, குறட்டைச் சத்தத்தைப் போட்டிருக்கிறார்கள் போல என்று தையல் பிரிவுப் பெண்கள் முடிவுக்கு வந்தார்கள். பரவாயில்லை, சின்ன முதலாளிக்கும் தொழில் பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று பேச்சு. இரண்டு மூன்று பேர் அங்கேயே மாட்டிக்கொண்டு ஒருவர் முதுகை ஒருவர் படித்துக் கொட்டாவி விட்டுக் காட்டினார்கள். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஃபோம் வெட்டுகிற மெஷினில் வேலை பார்ப்பவர் சங்கத்துக்கும் செயலாளர். எதைக் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிற குணத்தால் அவருக்குச் "சந்தேகம்" என்று பெயர் வந்துவிட்டது. அவரே போனில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். அவர் சட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விசாரித்து வந்த பெருமை அவளுக்குள் கொஞ்சம் இருந்தது.

"ஓடு."

அவர் அந்த எழுத்தை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு?"

"எல்லாரும்தான்."

அவர் சட்டையை மடித்து ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று ஏற்கெனவே ஒரு புகை இருந்துகொண்டுதான் இருந்தது. இப்போது நெருப்பை எழுதிச் சட்டையிலேயே கொடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்புவதானால் கூப்பிட்டு உட்கார வைத்து, கணக்கை முடித்து, ஒரு வார்த்தை நல்லவிதமாகச் சொல்லி அனுப்புவார்கள். இப்படி முதுகில் எழுதி விரட்டுவதை எங்கும் பார்த்ததில்லை என்றார் லாரியில் சரக்கு ஏற்றுகிறவர். பஞ்சுப் பிரிவில் மூத்த தையல்காரி ஒருத்தி இருந்தாள். பெரிய முதலாளி சின்ன முதலாளியாக இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். அவளுக்கு வேலை போவதைவிட வார்த்தைதான் உறைத்தது. "நாயையா வெரட்டறாங்க? 'ஓடுங்க'ன்னு போட்டா எழுத்துச் செலவு கூடிருமோ?" என்று கேட்டாள். அவள் கேட்டதுதான் எல்லோருக்கும் வாயில் வைத்துக்கொள்ள வாகாக இருந்தது. ஷிஃப்ட் மாறுவதற்குள் மெஷின்கள் நின்றுவிட்டன. மஞ்சள் சட்டைகள் ஒழுங்காக மடிக்கப்பட்டு ஸ்டோர் ஜன்னலுக்குத் திரும்பி வந்தன. வேலையை நிறுத்தியவர்கள் பாதி தைத்த மெத்தைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். வேறு உட்கார இடமும் இல்லை.

சின்ன முதலாளி ஸ்டோர் அக்காவைக் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த வார்த்தைக்கு விரட்டுகிற அர்த்தம் உண்டா, வேறு நல்ல அர்த்தம் ஏதாவது இருக்கிறதா, அண்ணனிடம் கேட்டுவர முடியுமா என்று ஒரே மூச்சில் கேட்டார். ஆள் குறைப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததை உள்ளேயே போட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

படியுச்சியில் நின்று "அண்ணி" என்று கூப்பிட்டாள். அண்ணி சமையலறையிலிருந்து நகரவில்லை.

"எனக்கு முழங்கால் போயிருச்சு. இனிமே நான் படியில நிக்கறதா இல்லை. வாயிருந்தா ரெண்டு பேரும் பேசிக்கங்க. இல்லேன்னா நீங்களும் சட்டையிலேயே எழுதிக்கங்க."

ஸ்டோர் அக்கா நின்று பார்த்தாள். கீழே நாற்காலி நகரவில்லை. வேறு வழியில்லாமல் இறங்கிப் போனாள். அந்த அறைக்குள் போய் நாளாகிவிட்டது. பழைய குளிர்சாதனப் பெட்டியின் அட்டைப்பெட்டியில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. இஸ்திரி போடுகிற மேஜையில், மடித்த போர்வைக்குக் கீழே, உயரம் கொடுப்பதற்காக லத்தீன் அகராதி இருந்தது.

"கம்பெனியில வேலைய நிறுத்திட்டாங்க. ஓடுன்னு போட்டது மரியாதைக்குறைவாம்," என்றாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அண்ணன் உடனே திரும்பினார். "எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?"

"எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும் குர்ரேயா?" அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. "அது ஒருமை. பல பேருன்னா குர்ரிதேன்னு அன்னிக்கே சொன்னேனே."

"எங்கிட்ட வந்து சேரலை."

"விசில் அடிச்சுது," என்றாள் அண்ணி சமையலறையிலிருந்து.

அண்ணன் போர்வையைத் தள்ளிவிட்டு அகராதியை உருவி எடுத்தார். பக்கத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்துக்கொண்டு படித்தார். மனிதன் ஓடுவது, குதிரை ஓடுவது, தேர்ச் சக்கரம் ஓடுவது. ஆறு ஓடுவதும் இதே சொல்தான். காலம் ஓடுவது, பேச்சு தங்குதடையில்லாமல் ஓடுவது, உடம்பில் நடுக்கம் ஓடுவது, இரண்டு நிலத்துக்கு நடுவே எல்லைக்கோடு ஓடுவது. கப்பல் கடலில் ஓடுவதும் இதுதான்.

"கப்பலுமா?" என்றாள்.

"கப்பலுந்தான். இப்போ எங்க இருக்காரு?"

"நடுக்கடல்ல. சிக்னல் கிடைச்சாப் பேசுவாரு."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி விரலை வைத்தார். விரட்டுவதற்கு இந்த வார்த்தை வராது, அதற்கு லத்தீனில் வேறு வார்த்தைகள் இருக்கின்றன, தாராளமாகவே இருக்கின்றன என்றார். நம் பாஷையில்தான் ஓடு என்றால் ஓடு, தொலைந்து போ என்ற அர்த்தமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஓடிப்போனாள் என்றால் அது வேறு. கம்பெனி எப்படிப் போகிறது என்று கேட்டால் ஏதோ ஓடுகிறது என்கிறோம், அப்போது யாரும் காலைப் பார்ப்பதில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டே போனார். அண்ணன் இத்தனை நீளமாகப் பேசி அவள் கேட்டுப் பல நாளாகியிருந்தது. அலுப்பாகவும் இருந்தது, எழுந்து போகவும் தோன்றவில்லை.

"இதை நீங்களே வந்து அவங்ககிட்டச் சொல்லுங்க," என்றாள் கடைசியில். "அர்த்தத்தை மட்டும் சொன்னாப் போதும். தப்பு எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்."

"அது என் கையில இல்லை," என்றார் அவர். பிறகு அகராதியைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நான் சபையில சொல்லியிருக்கக்கூடாது. ஆனா தப்பு தப்புதான்," என்றார்.

அதில் முதல் பாதியை மட்டும் அவள் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சரக்கு ஏற்றுகிற கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். வாத்தியார் நின்று பேசுவதற்கு மேடை இல்லாததால் யாரோ ஒரு மெத்தையைப் போட்டு அதன்மேல் இன்னொன்றைப் போட்டிருந்தார்கள். இரண்டும் உயர்ந்த ரகம். வாத்தியார் ஏறியதும் முழங்கால்வரை அமிழ்ந்து இடது பக்கம் சாய்ந்தார். பேசி முடிக்கும்வரை அந்தச் சாய்வு நிமிரவில்லை. சின்ன முதலாளி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். அன்று அதைப் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

வாத்தியார் தப்பிலிருந்துதான் ஆரம்பித்தார். உங்களுக்குக் கொடுத்த சட்டையில் இலக்கணப் பிழை இருக்கிறது, அது ஒரே ஒரு ஆளுக்குத்தான் பொருந்தும் என்றார். கூட்டம் உடனே சின்ன முதலாளியைப் பார்த்தது. ஸ்டோர் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வாத்தியார் அதோடு நிற்காமல் ஆற்றையும் கப்பலையும் காலத்தையும் கொண்டுவந்தார். "ஓடினேன்" என்பதற்கு லத்தீனில் குக்குர்ரி என்றும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, ஆனால் வகுப்பில் அந்த இடம் வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டார். தையல் பிரிவில் ஒருத்தி கோழி மாதிரி அதைத் திருப்பிச் சொன்னாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார், சாய்ந்தபடியே.

மூத்த தையல்காரி எழுந்து, அதெல்லாம் இருக்கட்டும், மரியாதை எங்கே என்று கேட்டாள். பழைய லத்தீனில் மரியாதைப் பன்மை கிடையாது என்றார் அவர். ஒருவரானால் நீதான். அடிமையும் நீ, ராஜாவும் நீ.

"அப்போ மொதலாளியப் பாத்துச் சொன்னாலும்?"

"குர்ரேதான்."

தையல்காரி சின்ன முதலாளியின் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். அவரை ஒரு தடவை திரும்பி நிற்கச் சொன்னாள். அவர் திரும்பி நின்றார். அவள் எழுத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தாள். மரியாதை விவகாரம் அத்தோடு தீர்ந்தது.

சந்தேகம் மட்டும் தீரவில்லை. "வாத்தியாரே, ஆளைக் குறைக்கப் போறாங்களா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"அது இலக்கணத்துல வராது. அவரைக் கேளுங்க," என்றார் வாத்தியார்.

சின்ன முதலாளி இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். மெல்லத் திரும்பினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லோரும் நம்பிவிட்டு மெஷினுக்குப் போயிருப்பார்கள். கூட்டத்தில் சிரித்த வாய் இன்னும் மூடியிருக்கவில்லை.

"பஞ்சுப் பிரிவ மூடலாம்னு இருக்கேன்," என்றார். "ஓட்டம் முடிஞ்ச பிறகு சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

பஞ்சு மெத்தையை இப்போது யாரும் கேட்பதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்டோர் அக்காவின் கிடங்கில் அவை கூரைவரை அடுக்கியிருந்தன, அவளே பல தடவை முணுமுணுத்திருக்கிறாள். ஆனால் அதை ஒருவர் வாயால் கேட்பது வேறாக இருந்தது. வாத்தியார் மெத்தையிலிருந்து காலை உருவப் பார்த்தார். முடியவில்லை. சந்தேகம்தான் போய்க் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை பல நாள் இழுத்தது. கத்தினார்கள், வெளிநடப்பு செய்தார்கள், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பஞ்சுப் பிரிவை மூடித்தான் ஆனார்கள். ஆனால் இளையவர்களுக்குத் தலையணைப் பிரிவில் வேலை பழக்கிக் கொடுக்கவும், வயதானவர்களுக்கு நல்லபடியாகக் கணக்கு முடிக்கவும் சின்ன முதலாளி சம்மதித்தார். முன்கூட்டியே தெரிந்ததால் இதையாவது கேட்டு வாங்க முடிந்தது என்று சந்தேகம் பின்னால் ஸ்டோர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சொன்னார். அது தனக்குப் பாராட்டா என்று ஸ்டோர் அக்காவுக்குத் தெரியவில்லை. மூத்த தையல்காரி தலையணைக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இத்தனை காலம் ஆளைத் தாங்குகிற சாமான் செய்துவிட்டு இனித் தலையை மட்டும் தாங்குகிற சாமானுக்கு இறங்க முடியாதாம். மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன அன்று ஸ்டோர் அக்கா கிடங்குக்குள் போய்ச் சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

இவ்வளவுக்குப் பிறகு ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சட்டைகள் இருந்தன. ஸ்டோரில் இடத்தை அடைத்துக்கொண்டும் இருந்தன. ஓட முடியாதவர்கள் நடக்கலாம் என்று சங்கம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி வாசலிலிருந்து கிளம்பினார்கள். ரயில்வே கேட் வரை போய்த் திரும்ப வேண்டும். சின்ன முதலாளி முதல் வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார். அவருக்குப் பின்னால் தலையணைப் பிரிவுப் பையன்கள், அதற்குப் பின்னால் ஒவ்வொரு தெருமுனையிலும் வழியைச் சரிபார்த்துக்கொண்டு சந்தேகம். கடைசியில் ஸ்டோர் அக்காவும் அவள் அண்ணனும் நடந்தார்கள். அண்ணனைச் சிறப்பு விருந்தினர் என்று அழைத்திருந்தார்கள். மேடையில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்து அவர் தோல் செருப்பில் வந்திருந்தார்.

வழிநெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். கடைப் பலகைகளில் இருந்த பிழைகளைப் படித்தார். அவள் ஊம் கொட்டினாள். இரண்டாவது பாலத்தருகே செருப்பு கடித்துவிட்டது. தண்ணீர் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த டெம்போக்காரர் நிறுத்தி, ரெண்டு பேரும் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். அண்ணன் நன்றி சொல்லிவிட்டு ஏறினார்.

"நீயும் ஏறு."

"நீங்க போங்கண்ணா. நான் வரேன்."

டெம்போ போன பிறகு தெரு அமைதியாக இருந்தது. அவள் தன் நடையில் போனாள். இறக்கத்தில் கால் தானாகவே கொஞ்சம் வேகம் பிடித்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு சில அடி ஓடினாள். மூச்சு முட்டியது, சிரிப்பும் வந்தது; மறுபடி நடந்தாள். கேட்டைத் தொட்டுவிட்டுக் கம்பெனி வாசலுக்குத் திரும்பியபோது வரவேற்பு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்றவன் ஒரு நிமிஷம் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவள் அதற்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

மறுநாள் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மறுநாள் விடிகாலையில் எழுந்தாள். கீழே யாரையும் எழுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ரயில்வே கேட் வரை போனாள். கேட் அடைத்திருந்தது. நீளமான சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது முடிகிறவரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.